தானம் கொடுத்த மாடும் போலீஸ் சான்றும்

கேள்வி:

நான் அரசுடைமை வங்கியொன்றில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை, பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் இலவச வகுப்பு நடத்துகிறது. கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு நானாகவே போனேன். காப்பி கொடுத்து உட்காரவைத்தார்கள். பிறகு ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்று வேண்டுமாம். என்னைப் பற்றிச் சொல்ல உறவினர் அல்லாத இரண்டு பேர் வேண்டுமாம். எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனியாக இருக்க மாட்டேன், பிள்ளைகளின் செல்போனுக்குத் தனியாகச் செய்தி அனுப்ப மாட்டேன், வண்டியில் தனியாக ஏற்றிப் போக மாட்டேன், படம் எடுத்து வெளியில் போட மாட்டேன் என்று வரிசையாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேரன் பேத்தி எடுத்தவனிடம் இதையெல்லாம் கேட்கலாமா? ஒரு பைசா வாங்காமல் வருகிறவனைச் சந்தேகப்படுவது, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தானே? வெளிநாட்டுப் பணம் வாங்கும் தொண்டு நிறுவனங்களிடமிருந்து தொற்றிய வியாதியா இது?

– ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், திருப்பூர் மாவட்டம்

பதில்:

உங்கள் பழமொழியை ரசித்தேன், ஐயா. இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. சற்று நேரத்தில் அதையே உங்களுக்கு எதிராகத் திருப்பப் போகிறேன், இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 'உங்களைப் போன்ற நல்லவரிடம் கேட்டிருக்கக் கூடாதுதான்' என்று தொடங்கினால் உங்கள் மனம் ஆறும். ஆனால் உங்களை எனக்குத் தெரியாது. அந்த அறக்கட்டளைக்கும் தெரியாது. விஷயம் தொடங்குவதே அங்கேதான்.

முதலில் போலீஸ் சான்று. அதைக் கேட்கிறவர்களும், கேட்டதற்காகக் கோபப்படுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று அந்தத் தாள் சொல்லிவிடும் என்ற எண்ணம். அது அப்படிச் சொல்லாது. காவல்துறைப் பதிவேட்டில் உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லும். அவ்வளவுதான். குழந்தைகளிடம் அத்துமீறுகிறவர்கள் பலர்மேல் வழக்கே பதிவானதில்லை. பிள்ளை சொல்லவில்லை; சொன்னபோது வீட்டில் நம்பவில்லை; நம்பியவர்களும் 'பிள்ளை பேர் கெட்டுவிடும்' என்று வாயை மூடிக்கொண்டார்கள். இந்த மூன்றையும் தாண்டித்தான் ஒரு புகார் காவல் நிலையப் படியேறுகிறது.

இதை இங்கிலாந்து பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்ற இயன் ஹண்ட்லி, அவ்வூர்ப் பள்ளியொன்றில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருந்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது அவர் எந்தப் பாலியல் குற்றத்துக்கும் தண்டனை பெற்றிருக்கவில்லை. ஆனால் அதற்கு முன் வசித்த வேறொரு பகுதியில் அவர்மேல் அடுத்தடுத்துப் பல புகார்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடப்பட்டது. யாரும் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. புதிய ஊருக்கு அந்தத் தகவல் வந்து சேரவும் இல்லை. பிச்சர்ட் விசாரணைக் குழு 2004-இல் இதைப் புட்டுப் புட்டு வைத்த பிறகுதான் அந்த நாட்டுச் சரிபார்ப்பு முறையே மாறியது. நம் நாட்டிலும் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதைக் காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகள் பார்க்கலாம். உங்கள் ஊர் அறக்கட்டளைச் செயலாளர் பார்க்க முடியாது. அவருக்குத் திறந்திருக்கும் ஒரே சன்னல் அந்தச் சரிபார்ப்புச் சான்றுதான்.

ஆகவே சான்று என்பது ஒரு சல்லடை. பெரிய கல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொடிக்கல் அரிசியோடு போய்விடும். அதற்காக அரிசியைச் சலிக்காமல் யாரும் உலையில் போடுவதில்லை.

வெளிநாட்டு வியாதி என்றீர்கள். இது நம் நாட்டு விதி, ஐயா. போக்சோ என்று எல்லோரும் சொல்கிற, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2020 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. பிள்ளைகள் தங்கும் இடமானாலும், அவர்களோடு அடிக்கடி தொடர்புள்ள இடமானாலும், அங்கே பிள்ளைகளிடம் பழகும் ஒவ்வொரு பணியாளரையும் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டு விடாமல் அவ்வப்போது பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும் என்கின்றன அவ்விதிகள். விளையாட்டுப் பயிற்சி மையம்கூட இதில் அடங்கும். விதியில் இருக்கும் சொல் 'பணியாளர்' என்பதால், சம்பளம் வாங்காத தன்னார்வலர் அதில் வருவாரா என்று ஒரு வழக்கறிஞர் வாதாடிப் பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதற்கு நீங்கள் 'சார்'. அவ்வளவுதான்.

இனி உங்கள் கோபத்தின் வேருக்கு வருகிறேன். 'பேரன் பேத்தி எடுத்தவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது ஆபத்தான ஆள் வேறு மாதிரி இருப்பான் என்று நம்புகிறீர்கள். இரவில் தெருமுனையில் நிற்பவன், மிட்டாய் காட்டிக் கூப்பிடுபவன், ஊர் பேர் தெரியாதவன். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதுதான்: 'தெரியாதவங்க கூப்பிட்டாப் போகாதே.' மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 2007-இல் வெளியிட்டது. ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாக 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பிள்ளை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பில் இருந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஆண் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'எங்களிடம் பையன்கள் மட்டும்தான், அதனால் பிரச்சினையில்லை' என்று நிம்மதியாக இருக்கும் குழந்தைகள் இல்லங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தெரிந்தவர் எப்படி உள்ளே வருகிறார்? குழந்தைப் பாதுகாப்புத் துறையில் 'குரூமிங்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு பிள்ளையையும் அதைச் சுற்றியிருப்பவர்களையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, நம்பவைத்து, கடைசியில் மறுக்க முடியாத இடத்தில் நிறுத்துவது என்று பொருள். எடுத்த எடுப்பில் இதில் தவறாக எதுவும் தெரியாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் நல்ல பேனா. ஒரு பிள்ளைக்கு மட்டும் வகுப்பு முடிந்து கூடுதலாகப் பாடம். 'இது நமக்குள்ளே இருக்கட்டும், அம்மாகிட்ட சொல்லாதே' என்று சின்னதாக ஒரு ரகசியம். அது வெறும் ஐஸ்கிரீமாகக்கூட இருக்கலாம். பிள்ளை அந்த ரகசியத்தைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே நோக்கம். அதே நேரம் அந்த வீட்டுக்கு ரேஷன் அட்டை திருத்திக் கொடுப்பார், அப்பாவுக்கு வேலைக்குச் சொல்லிவிடுவார். நிறுவனத்திலும் அவர்தான் முதலில் வந்து கடைசியில் போகிறவர், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவர், ஆண்டு விழாவில் சால்வை வாங்குகிறவர். நாளைக்குப் பிள்ளை வாய் திறந்தால் யாரை நம்புவார்கள்? வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்தது ஏன் வெளியே தெரிவதில்லை என்றால், எல்லோரும் பயிரைப் பார்க்கிறார்கள், வேலியை யாரும் பார்ப்பதில்லை.

இப்போது உங்கள் மாட்டுக்கு வருவோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் இங்கே தானம் வாங்குவது யார்? அறக்கட்டளை இல்லை; பிள்ளைகள். அவர்களால் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாது. அவர்களுடைய அம்மாவாலும் முடியாது. மாதம் ஆயிரம் ரூபாய் கட்டி டியூஷனுக்கு அனுப்பும் அம்மா, ஏதோ சரியில்லை என்று பட்டால் மறுநாளே நிறுத்திவிடுவார், வாசலில் நின்று சத்தமும் போடுவார். இலவச வகுப்புக்கு அனுப்பும் அம்மா அப்படிச் செய்வாரா? 'சும்மா சொல்லித் தர்றாங்க, சுண்டலும் குடுக்கிறாங்க, நாம என்னத்தைக் கேக்கிறது' என்று நினைப்பார். இலவசம் என்பதே அவர் வாயைக் கட்டிவிடுகிறது. அறக்கட்டளையின் வாயும் அப்படியே கட்டிக்கிடக்கும். சம்பளக்காரரைக் கேள்வி கேட்கலாம். சம்பளமில்லாமல் வருகிறவரை எந்த முகத்தோடு கேட்பது? நன்கொடையாளர் என்றால் கேட்கவே வேண்டாம், நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். கேள்வி கேட்கக் கூசும் அளவுக்கு நன்றி நிறைந்திருக்கும் இடம், தப்பான எண்ணத்தோடு வருகிறவனுக்கு ரொம்ப வசதியான இடம். சேவை செய்யும் நிறுவனங்களுக்குக் கூடுதலாகக் காவல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. குழந்தைகளுக்குச் சேவை அளிக்கும் நிறுவனத்தின் உரிமையாளரோ நிர்வாகியோ பணியாளரோ குற்றம் செய்தால், போக்சோ அதைச் சாதாரணக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் கடுமையான குற்றமாக எண்ணிக் கூடுதல் தண்டனை விதிக்கிறது.

நிறுவனத்தின் நல்ல பெயர் என்பது இன்னொரு கட்டு. ஆக்ஸ்ஃபாம் என்ற பிரிட்டன் தொண்டு நிறுவனத்தின் கதையைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஹைட்டி நாட்டில் 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரணப் பணியில் இருந்த அதன் ஊழியர்கள் சிலர்மேல் பாலியல் முறைகேட்டுப் புகார் எழுந்தது. 2011-இல் உள்ளுக்குள் விசாரித்தார்கள். அந்நாட்டு இயக்குநரைக் கௌரவமாக ராஜினாமா செய்ய விட்டுவிட்டார்கள். அவர் பிறகு வேறொரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து வங்கதேசத்துக்குப் போனார். 2018 பிப்ரவரியில் பத்திரிகையில் வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2019-இல் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் அந்த நிறுவனத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. சத்தமில்லாமல் அனுப்பிவைத்தால் நம் வீட்டுக் குப்பை பக்கத்து வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான் நடக்கும். உங்களிடம் உறவினர் அல்லாத இரண்டு பேரைக் கேட்டார்களே, அது இதற்காகத்தான். போலீஸ் பதிவேட்டில் ஏறாமல் நின்றுபோன விஷயம், முன்பு கூட இருந்தவர் தொலைபேசியில் 'அவரா?' என்று இழுக்கும் இழுப்பில் வெளிவந்துவிடும். எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தைவிட அந்த இழுப்புக்கு மதிப்பு அதிகம். ஆகவே அவர்கள் அந்த இரண்டு பேரிடமும் உண்மையிலேயே பேசுகிறார்களா, பெயரை மட்டும் வாங்கி ஃபைலில் போடுகிறார்களா என்று கவனியுங்கள்.

சரி, ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, சான்றும் அரைகுறை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? உங்கள் வங்கி இருக்கிறது, ஐயா. கிளையின் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று உங்களிடம், மற்றொன்று இன்னொரு அதிகாரியிடம். காலையில் இருவரும் சேர்ந்துதான் திறந்திருப்பீர்கள். அந்த இரண்டாவது சாவிக்காரரைப் பார்த்து 'என்னைத் திருடன் என்கிறாயா?' என்று 36 ஆண்டில் ஒருநாளாவது கேட்டிருப்பீர்களா? பணம் புழங்கும் முக்கியமான இருக்கைகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து பத்து வேலை நாளாவது விடுப்பில் அனுப்பச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. அந்தப் பத்து நாளில் வேறொருவர் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் மறைத்தது தெரிந்துவிடும். கோயிலில் உண்டியல் எண்ணும்போதும் அப்படித்தான்: அதிகாரிகள், தொண்டர்கள், கேமரா என்று சுற்றிலும் ஆள் இருக்கும். பக்தர் யாரும் முகம் சுளிப்பதில்லை. பணத்துக்கு இதைச் செய்தால் நிர்வாகம் என்கிறோம், பிள்ளைக்குச் செய்தால் அவமானம் என்கிறோம்.

நீங்கள் கையெழுத்துப் போடத் தயங்கும் அந்தத் தாளுக்கு 'நடத்தை விதி' என்று பெயர். பிள்ளைகளிடம் எப்படிப் பழகலாம், எப்படிப் பழகக் கூடாது என்று எழுதிவைத்த பட்டியல். அது உங்கள் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, மறுபடி எடுத்துப் படியுங்கள். அது பேசுவதெல்லாம் கதவைப் பற்றி, செல்போனைப் பற்றி, வண்டியைப் பற்றி. ஆளை எடைபோட நம்மால் முடியாது. சூழ்நிலையைச் சரியாக அமைக்க முடியும். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டிய தேவையே வராமல் செய்வதுதான் அந்த விதிகளின் வேலை. விதி இல்லாத இடத்தில்தான், பாவம், நல்ல மனிதர்களைப் பற்றியும் கிசுகிசு பேசுவார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் திருப்பூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் உடனே புரியும். வகுப்பு ஏழரைக்கு முடிகிறது. எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு பையன் மட்டும் இருக்கிறான். அவன் அம்மாவுக்கு அன்றைக்கு ஒன்றரை ஷிஃப்ட். கம்பெனியில் எட்டரைக்குத்தான் விடுவார்கள். மாடியில் டியூப்லைட் எரிகிறது, கீழே கடைகளை அடைக்கத் தொடங்கிவிட்டார்கள், மழை வேறு தூறுகிறது. நல்ல மனிதர் ஒருவர் அந்த நேரம் என்ன செய்வார்? 'வாடா தம்பி, நானே வண்டியில் விட்டுடறேன்' என்பார். இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இதே காட்சியில் கெட்ட மனிதர் ஒருவர் இருந்தாலும் இதே வார்த்தையைத்தான் சொல்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பையனுக்கும்தான்.

அதனால் ஆலோசனை சொல்ல நான் போகும் நிறுவனங்களில் முதலில் கேட்பது, கடைசிப் பிள்ளையை யார் அனுப்புகிறார்கள் என்பதைத்தான். கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். மாடி அறையைப் பூட்டிவிட்டுக் கீழே, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வாசலில் உட்கார வேண்டும். அம்மாவுக்குப் போன் செய்துவிட்டுப் பதிவேட்டில் நேரத்தைக் குறிக்க வேண்டும். வண்டியில் கொண்டுபோய் விட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், அம்மாவிடமும் பொறுப்பாளரிடமும் சொல்லிவிட்டு, இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இவ்வளவுதான். இதற்குப் பெரிய செலவில்லை. இன்னொருவர் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால், வகுப்பை அரைமணி முன்னதாக ஆரம்பித்து முன்னதாக முடிக்கச் சொல்வேன்.

'அப்படியானால் நன்றாகக் கணக்குப் போட்ட பிள்ளையை முதுகில் தட்டிக்கூடக் கொடுக்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். தாராளமாகத் தட்டிக் கொடுங்கள், எல்லோர் முன்னாலும். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளைக்கு மருந்து போடுங்கள், கதவு திறந்திருக்கட்டும். பாசத்துக்குத் தடையில்லை, மறைவுக்குத்தான் தடை. செல்போன் விஷயமும் அதேதான்: பெற்றோரும் பொறுப்பாளரும் இருக்கும் குழுவில் செய்தி போடுங்கள். படம் எடுப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பிறந்தநாள் கொண்டாட இல்லத்துக்குப் போய், சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் பிள்ளையின் முகத்தை ஃபேஸ்புக்கில் போடும் நம் வழக்கம் எனக்குச் சிறிதும் பிடிக்காது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் வெளியாகக் கூடாது என்பதற்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. உங்கள் பேரனின் படத்தை அப்படி ஒருவர் போட்டால் சும்மா விடுவீர்களா?

இதுவரை அறக்கட்டளைக்காக வாதாடினேன். இனி உங்கள் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் எரிச்சலில் ஒரு நியாயம் இருக்கிறது. பல இடங்களில் இந்தத் தாள்கள் வெறும் தாள்கள்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இல்லத்துக்கு ஆலோசனை சொல்லப் போனேன். பெயர் வேண்டாம். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது: வழவழப்பான அட்டையில், ஆங்கிலத்தில், அலுவலகப் பீரோவுக்குள். இரவெல்லாம் பிள்ளைகளோடு இருக்கும் வாட்ச்மேனும் சமையல்கார அம்மாவும் அதைப் பார்த்ததே இல்லை. புகார்ப் பெட்டியும் இருந்தது. காப்பாளர் அறை வாசலில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். சாவி, காப்பாளரின் இடுப்புக் கொத்தில்.

பெட்டியைக் குளியலறைக்குப் போகும் வழியில், பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் மாட்டச் சொன்னேன். சாவியை வெளியில் இருக்கும் குழு உறுப்பினர் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னேன், அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முதல் மாதம் வந்த சீட்டுகளைப் படித்துச் செயலாளர் சிரித்தார். 'சாம்பாரில் உப்பு இல்லை.' 'கீழ்க் குழாயில் தண்ணி வரல.' 'ஞாயிற்றுக்கிழமை படம் போடணும்.' இதற்கா இவ்வளவு ஏற்பாடு, கழற்றிவிடலாமா என்று கேட்டார். ஒன்று விடாமல் பதில் சொல்லுங்கள் என்றேன். மாலையில் எல்லோர் முன்னாலும் கரும்பலகையில் எழுதிப் பதில் சொன்னார்கள். குழாயைச் சரிசெய்தார்கள். படம் போட்டார்கள். சாம்பார் மட்டும் அப்படியேதான் இருந்தது என்று கேள்வி. பிள்ளைகள் அந்தச் சீட்டுகளில் சாம்பாரைப் பற்றி மட்டும் எழுதவில்லை, நம்மைச் சோதித்துப் பார்த்தார்கள். எழுதினால் யாராவது படிக்கிறார்களா, எழுதியவனைக் கூப்பிட்டு அடிக்கிறார்களா, ஏதாவது நடக்கிறதா என்று. பிறகுதான், மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, மடித்து மடித்து விரல் நக அளவுக்குச் சுருக்கிய ஒரு சீட்டு வந்தது. அதில் என்ன இருந்தது என்று எழுதப் போவதில்லை. அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போனோம்.

காவல் நிலையத்துக்கு நேராகப் போனது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கேதான் நல்ல நிறுவனங்களும் தடுக்கி விழுகின்றன. 'முதலில் நாமே விசாரித்து உண்மையா என்று தெரிந்துகொள்வோம்' என்பார்கள். இரண்டு தரப்பையும் உட்காரவைத்து ஒரு பஞ்சாயத்து நடக்கும். பிள்ளையை நாலு பேர் நாலு முறை கேட்பார்கள். நாலாவது முறை பிள்ளை 'ஒண்ணும் இல்ல' என்றுவிடும், எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதற்கு இடமே வைக்கவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், அதை அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். உண்மையா பொய்யா என்று பார்ப்பது அவர்கள் வேலை. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பையும் அதே பிரிவு தருகிறது. குழந்தையின் வாக்குமூலத்தைக் காவல் நிலையத்தில் வைத்து வாங்கத் தேவையில்லை. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் உதவி ஆய்வாளரோ அவருக்கு மேற்பட்டவரோ, சீருடை இல்லாமல் வந்து எழுத வேண்டும். இது தெரியாததால்தான் பல பெற்றோர் ஸ்டேஷன் என்றாலே பின்வாங்குகிறார்கள்.

நாளைக்கு ஒரு பிள்ளை உங்களிடமே வந்து ஏதாவது சொல்லலாம். பொறுமையாகக் கேட்கிற பெரியவரிடம்தான் பிள்ளைகள் சொல்லும். அப்போது குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். 'யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள், அந்தச் சத்தியத்தை உங்களால் காப்பாற்ற முடியாது. 'சொன்னது நல்லதாப் போச்சு, உன்மேல தப்பில்லை' என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே அன்றே எழுதி வையுங்கள், நம் நாகரிக வார்த்தைக்கு மாற்றாமல். பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், காவல்துறைக்குப் போகும்வரை விடாதீர்கள். பொறுப்பாளரே தயங்கினாலும், புகார் அவர்மேலேயே இருந்தாலும், நீங்களே நேராகப் போங்கள். 1098 என்ற இலவச எண்ணையும் எந்த நேரமும் கூப்பிடலாம். 1996-இல் மும்பையில் ஒரு சமூகப்பணிக் கல்வி நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கி, இன்று நாடு முழுவதும் அரசு நடத்துகிற குழந்தைகள் உதவி எண் அது.

கடைசியாக ஒரு யோசனை. நீங்கள் வங்கியில் தணிக்கை பார்த்தவர். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அறக்கட்டளையை நீங்களும் தணிக்கை செய்யுங்கள். குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் யார், அவர் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். சுண்டல் செய்யும் அம்மாவும் இதே தாளில் கையெழுத்துப் போட்டாரா, செயலாளரும் போட்டாரா என்று கேளுங்கள். புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம், கடைசிப் பிள்ளையோடு நேற்று யார் இருந்தார்கள், 1098 எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் கோபப்படுங்கள், அந்தக் கோபம் நியாயமானது. சரியாகச் சொன்னால் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். சரிபார்ப்புச் சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். எட்டாம் வகுப்புக்குக் கூட்டு வட்டி நடத்த உங்களைவிடப் பொருத்தமான ஆள் அந்த ஊரில் இருக்க முடியாது. பிள்ளைகளைக் காக்கவைக்காமல் சீக்கிரம் வாங்கிக்கொண்டு போய்ச் சேருங்கள்.